டயர் மெஷின் இறங்கிய வயல்

தை மாதத்தில் வரக்கூடாத மழை. குடவாசலுக்குத் தெற்கே சிங்கராயர் வயலில் அறுப்பு மெஷின் ஒன்று சேற்றில் புதைந்து நின்றது. அது முன்னும் பின்னும் உழப்பியதில் பழுத்த கதிரெல்லாம் சேறு. வரப்பில் நின்ற அவர் மகள் ரோஸ்லின் டிரைவரைப் பார்த்துக் கத்தினாள்.

"ஈர வயல்ல டயர் மெஷினை எறக்கலாமா பாய்? சேத்துல புதையாத செயின் மெஷின்லல்ல வரணும்?"

டிரைவர் சலாஹுதீன் போனைக் காட்டினார். "மெஷின் அனுப்புற ஆப்புல, தரை காஞ்சிருக்கு, போன்னு வந்துச்சும்மா. மேல பாத்தா காஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. இப்ப ஓனரு என்னை வண்டிய விட்டு எறங்குங்குறாரு."

அப்போதுதான் ஒரு பைக் வந்து நின்றது. உரச்சாக்கில் சுற்றிய லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்தபடி ஒருவன் இறங்கினான்.

"ஆப் எழுதுனது நான்தாங்க. ஜெனித். திருத்துறைப்பூண்டி. மெஷின் மாட்டிக்கிச்சுன்னு கேட்டு வந்தேன்."

திட்டத்தான் வாயெடுத்தாள் ரோஸ்லின். அவன் இமையில் ஒரு மழைத்துளி தொங்கியது... அது விழட்டும் என்று காத்திருந்தாள். விழவில்லை. திட்டு எங்கோ போய்விட்டது.

"லேப்டாப்பைத் தொறங்க."

"உங்களுக்கு இது..."

"நான் ரோஸ்லின். சென்னை கம்பெனிக்கு வீட்லேர்ந்து வேலை பாக்குறேன். அடுத்தவங்க எழுதுன கோடிங்ல குத்தம் கண்டுபிடிக்கிறதுதான் பொழப்பு."

"பாத்தாலே தெரியுது."

மோட்டார் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். நிரலை ஓட்டிப் பார்க்காமலே வரி வரியாகப் படித்து, எங்கே எழுத்து ஒழுங்கில்லை, எங்கே கட்டுமானம் கோணல் என்று சொல்லும் கருவி அவனிடமும் இருந்தது. ஆனால் 'இதைப் பார்க்காதே' என்று முதல் வரியிலேயே எழுதி அதன் வாயை அடைத்து வைத்திருந்தான்.

"ஏன் இப்புடி?"

"சும்மா நச்சுதுங்க. வரி நீளம், பேரு புரியலை, இங்க இடம் விடுன்னு... மாமியார் மாதிரி."

"கொஞ்சம் பேச விடுவோம் உங்க மாமியாரை."

அந்த வரியை அழித்தாள். மஞ்சள் எச்சரிக்கைகள் மடமடவென்று இறங்கின.

"இதெல்லாம் அழகு சமாச்சாரம், மெதுவா பாத்துக்கலாம். இதப் பாருங்க... ஒரே கணக்கை ஊருக்கு ஊரு காப்பி எடுத்து ஒட்டியிருக்கீங்க. மழை பெஞ்சா டயர் மெஷின் வேணாம்னு குடவாசல் டவுனுக்கு மட்டும் திருத்தியிருக்கீங்க. எங்க ஊருக்குப் பழசே கெடக்கு."

அவன் முகம் சுண்டிவிட்டது. "நாளைக்கு டிரைவருங்க கூட்டம். ஆப் வேணுமா, பழைய மாதிரி புரோக்கரே போதுமான்னு பேசப் போறாங்க. இது தெரிஞ்சா மூடிருவாங்க."

"தெரியலேன்னா பாய்க்கு வேலை போயிரும்."

"ஒத்த ஆளா உக்காந்து எழுதுனதுங்க. பெரிய கம்பெனியில இருந்துக்கிட்டு கொறை சொல்றது சுலபம்."

"எங்கம்மா இடுப்பு ஒடிய நடவு நட்டுத்தான் என்னைப் படிக்க வச்சாங்க. யாருகிட்ட என்ன பேசுறீங்க?"

லேப்டாப்பை மூடினான். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். உண்மையைத்தானே சொன்னேன்... பிறகு ஏன் இப்படிக் கனக்கிறது? மழைக்குள் அந்த பைக் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

நாலு நாள் வெயிலடித்த பின் செயின் மெஷின் வந்தது. மேலே சலாஹுதீன் உட்கார்ந்திருந்தார்.

"வேலை இருக்கா பாய்?"

"இருக்கும்மா. அந்தத் தம்பி கூட்டத்துல எந்திரிச்சு, தப்பு என் கோடிங்லதான், பாய் மேல இல்லைன்னுட்டாரு. அவரு ஆப்பைத்தான் நிப்பாட்டிட்டாங்க. சரி பண்ணிக் காட்டு, அடுத்த குறுவை அறுப்புக்குப் பாப்போம்னாங்க."

மெஷினுக்குப் பின்னால் பைக்கைத் தள்ளிக்கொண்டு அவன் வந்தான். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு.

"எல்லாக் காப்பியையும் ஒண்ணாக்கிட்டேங்க. கருவியையும் பேச விட்டுட்டேன். இன்னும் ஏகப்பட்ட குத்தம் மிச்சமிருக்கு."

"காட்டுங்க."

"காட்டத்தான் வந்தேன்னா பொய்யி."

"பின்ன?"

அவன் பைக்கை வரப்போரம் சாய்த்து நிறுத்தினான்.

"நீங்க பேசுனது அன்னைக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. வீட்டுக்குப் போயி யோசிச்சா, வருத்தமெல்லாம் கோடிங்ல இல்லைங்க. உங்க முன்னாடி அப்புடிப் பேசிட்டு வந்தமேன்னுதான்... உங்களைப் பிடிச்சிருக்கு ரோஸ்லின்."

தூரத்தில் அம்மா சகாயம்மாள் கையை நெற்றியில் வைத்து இந்தப் பக்கமே பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வீட்டுக்கு வாங்க" என்றாள் ரோஸ்லின். "அப்பா இருப்பாரு."

"அவருகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குப் பிடிச்சிருக்குன்னு நான் சொல்லிக்கிறேன்."