கொல்லையில் ஒரு கெம்போஜா

"எந்தப் பாவி செஞ்ச வேலைடி இது? நான் ஒடிச்சு வச்ச மரவள்ளிக் குச்சியெல்லாம் எங்கடி?"

பொழுது விடிந்ததும் கொல்லைப்புறம் போன அலமேலு, போன வேகத்திலேயே கத்தினாள். காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்து, அன்றைக்குத்தான் எழுந்து நடக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் உடம்பு வெடவெடவென்று ஆடியது. குரலை மட்டும் காய்ச்சல் தொடவில்லை.

மருமகள் பூங்காவனம் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"நான்தான் அத்தை எடுத்தேன். வேலியோரமா நட்டுட்டேன்..."

"நடுக்கொல்லையில நல்ல மண்ணை விட்டுட்டு வேலியோரமா? அப்ப இங்க நட்டு வச்சிருக்கியே, இது என்னடி மொட்டக் கொம்பு?"

வெள்ளைக்காரன் இருந்த கடைசி நாட்களில், ஆகாயக் குண்டுக்குப் பயந்து அலமேலுவின் மகன் ஜெயபாலன் அங்கே ஒரு பதுங்கு குழி வெட்டியிருந்தான். ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வந்து உட்கார்ந்த பிறகு அதற்கு வேலையில்லை. அதைத் தூர்த்துவிட்டுக் கிழங்கு போட வேண்டும் என்று அலமேலு சொல்லிக்கொண்டே இருந்தாள். இப்போது குழியைக் காணோம். புது மண் ஆள் நீளத்துக்கு மேடாகக் கிடந்தது. மேட்டின் தலைமாட்டில் இலையில்லாத தடித்த கொம்பு ஒன்று கவட்டையோடு நின்றது.

"கிழங்கு வேணாம்னா ஒரு முருங்கைக் கொம்பாவது ஊனக்கூடாதா? கீரையாவது ஆகும். பப்பாளி வச்சா காயாவது ஆகும். இது என்ன மரம்?"

"பூ மரம் அத்தை... சாமிக்கு ஆகும்."

"வயிறு காயுற வீட்டுல பூ மரமா! நல்லா இருக்குடி உன் சமத்து!"

பூங்காவனம் தலையைக் குனிந்துகொண்டாள். மாமியாரின் வாய்க்குப் பழகிய பெண்தான் அவள். ஆனால் அன்றைக்கு அவள் முகத்தில் வருத்தத்தையும் மீறி வேறு ஏதோ இருந்தது. அது பயமா, பிடிவாதமா என்று அலமேலுவுக்குப் பிடிபடவில்லை.

ஜெயபாலன் வீட்டில் இல்லை. ஜப்பான்காரன் இலவசமாகப் படம் காட்டுகிறான் என்று டவுனுக்குப் போனவன் அவன். கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே இருந்த இளவட்டங்களையெல்லாம் லோரியில் ஏற்றிவிட்டார்கள், சயாமில் ரயில் பாதை போடுவதற்கு. அப்படிப் போனவர்களில் ஒருவனாவது திரும்பி வந்ததாக அவர்கள் குடியிருந்த காஜா பேராங்கில் யாரும் கேள்விப்படவில்லை. அலமேலுவுக்கு இருந்தது அந்த ஒரே பிள்ளை. அவன் உயிரோடு இருக்கிறானா என்ற கேள்வியோடுதான் அவள் படுக்கையில் விழுந்தாள். எழுந்ததும் அதே கேள்வியோடுதான்.

வெயில் ஏறியதும் பக்கத்துக் கம்போங் செட்டியிலிருந்து சிநேகிதி மங்களம் வந்தாள். நெற்றியில் விபூதி, உடம்பில் மலாய்க்காரிகள் போடுகிற கெபாயாச் சட்டை. சாமி கும்பிடுவதில் நம்மைப் போலத்தான், பேச்சுதான் மலாய். காய்ச்சல்காரிக்கு ரசம் வைக்கக் கொஞ்சம் புளி கொண்டு வந்தவள், கொல்லையில் அந்தக் கொம்பைப் பார்த்தாள். கிட்டே போய் நகத்தால் கீறினாள். வெள்ளையாகப் பால் கசிந்தது. சுட்டுக்கொண்டவள் போல் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஆலாமாக்! இனி கெம்போஜா! போக்கோக் குபோர்!"

அலமேலுவுக்கு மலாய் தெரியும். இது கெம்போஜா, கல்லறை மரம்! மலாய்க்காரர்கள் செத்தவர்களைப் புதைத்த இடத்தில் நடுகிற மரம். மங்களம் புளியைப் படியிலேயே வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அலமேலு கூந்தல் அவிழ, மருமகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எம்புள்ள இருக்கானா செத்தானான்னு தெரியாம நான் துடிக்கிறேன்... நீ அதுக்குள்ள குழியை மூடிக் கல்லறை மரமே நட்டுட்டியாடி! கழுத்துல தாலி தொங்குதே, அது கூசலையா உனக்கு?"

"அத்தை, என்ன வேணும்னாலும் திட்டுங்க... அடிங்க... மரத்தை மட்டும் தொடாதீங்க. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்..."

"தொடமாட்டேன்டி. அந்தப் பீடையை நான் ஏன் தொடறேன்!"

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் வேலிப்பக்கம் விளையாட வருவதை நிறுத்தினார்கள். பெண்கள் தண்ணீர் எடுக்கச் சுற்று வழியாகப் போனார்கள். வேலியோரத்து மரவள்ளியை யாரோ பிஞ்சிலேயே பிடுங்கிப் போனார்கள். பசிக்கு வெட்கம் கிடையாது. ஆனால் கெம்போஜா நின்ற மேட்டுப் பக்கம் ஒரு காலடித் தடம்கூட விழவில்லை.

அதன் பிறகுதான் அலமேலு சில காரியங்களைக் கவனிக்கத் தொடங்கினாள்.

தினமும் காலையில் பூங்காவனம் வாழையிலைத் துண்டில் வெந்த கிழங்கை வைத்து, மேட்டுக்குப் பின்னால் கோழிக் கூண்டோரம் படைத்துவிட்டு வந்தாள். தன் பங்கைத்தான் வைத்தாள் என்பது அவள் கன்னம் ஒட்டிப்போனதிலேயே தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கிழங்கு இருக்காது. இலை மட்டும் துடைத்தது போல் கிடக்கும். காக்கை தின்றிருந்தால் இலை கிழிந்திருக்க வேண்டாமா?

ஒருநாள் அலமேலு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பூங்காவனம் மேட்டருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள். மெதுவாக, கொஞ்சலாக. நடுவில் பேச்சை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு சிரித்தாள்! மருமகளுக்குப் பித்துப் பிடித்துவிட்டதா, பேய் பிடித்துவிட்டதா?

இலையே இல்லாத அந்தக் கொம்பு, இலை விடுவதற்கு முன்னால் பூவிட்டது. வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். அதன் வாசனை மத்தியான வெக்கையில் வீட்டுக்குள் வந்து நின்றது. யாரோ செத்த வீட்டில் உட்கார்ந்திருப்பது போல் அலமேலுவுக்கு மூச்சு முட்டியது.

பிறகு ஓர் உச்சிவேளையில் அந்தச் சத்தம் கேட்டது.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தெருவில் ஆளரவம் இல்லை. இருமல்... மண்ணுக்குள்ளிருந்து. இரண்டு தரம் இருமிவிட்டு ஒரு தொண்டைச் செருமல். சின்ன வயதிலிருந்து ஜெயபாலன் இருமுவது அப்படித்தான். பெற்றவளுக்குத் தெரியாதா!

"பூங்காவனம்... கேட்டியாடி? எம்புள்ள... எம்புள்ள இருமல் கேட்டுச்சுடி!"

மருமகள் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே அத்தை. காய்ச்சல் வந்த உடம்பு... உள்ள வாங்க."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் அலமேலு கேட்டது பட்டப்பகலில். அன்றே அவள் முடிவுக்கு வந்துவிட்டாள். பிள்ளை செத்துவிட்டான். எங்கோ சயாம் காட்டில் எரிக்க ஆளில்லாமல் செத்த அவன் ஆவியை, இவள் மரம் நட்டுச் சோறு போட்டு வரவழைத்துவிட்டாள். அது போக வழியில்லாமல் அந்த மரத்தடியிலேயே கிடந்து இருமுகிறது!

அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுத அழுகையில் அப்பாசாமி வந்து சேர்ந்தார். எதிர்வீட்டுக்காரர். புஜத்தில் ஜப்பான்காரன் கொடுத்த துணிப் பட்டை. யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று போய்ச் சொல்லுகிற உத்தியோகம். அவர் வந்தால் கோழிகூடக் கொக்கரிக்காது.

"அழாத தங்கச்சி. தம்பிகிட்டருந்து சேதி ஒண்ணும் இல்லையே?"

"சேதி என்னண்ணே சேதி... போயிட்டாண்ணே எம்புள்ள!"

"அதுக்கில்ல. தம்பின் ஸ்டேஷனுக்குப் போற வழியில லோரியிலிருந்து ரெண்டு மூணு பேரு குதிச்சு ஓடிட்டானுங்களாம். ஜப்பான்காரன் வீடு வீடாப் பாக்கச் சொல்லியிருக்கான். மறைச்சு வச்சா அவனுக்கு மட்டுமில்ல, வீட்டோட எல்லாருக்கும் தலை போயிடும்." கொல்லையை எட்டிப் பார்த்தவர், கெம்போஜாவைக் கண்டதும் படியோடு நின்றுவிட்டார். அலமேலுவின் வீங்கிய கண்களைப் பார்த்தார். "இங்க பாக்க என்ன இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

பூங்காவனம் கதவுக்குப் பின்னால் நின்று நீளமாக மூச்சு விட்டாள். அதைப் பார்த்த அலமேலுவுக்கு வயிறு எரிந்தது. மாமியார் அழுகிறாள், மருமகளுக்கு நிம்மதியா!

மறுநாள் உச்சிவேளையில் இருமல் மறுபடியும் கேட்டது. அலமேலு மண்வெட்டியைத் தூக்கினாள்.

"வாடா ராசா... உன்னைக் கட்டிப்போட்ட மரத்தை வெட்டி விடறேன். நீ நல்ல கதிக்குப் போயிடுடா!"

"ஐயோ அத்தை! வேணாம்!" பூங்காவனம் ஓடிவந்து மேட்டின் மேல் குப்புற விழுந்தாள். "வெட்டறதா இருந்தா என்னை வெட்டுங்க!"

"தள்ளிப் போடி! தாலியறுத்தவளே!"

ஒரு கையால் அவளைப் புரட்டித் தள்ளி, மறு கையால் கொம்பைப் பிடித்து இழுத்தாள். ஈர மண்ணோடு அது பிடுங்கிக்கொண்டு வந்தது. மண் சரிந்தது. அடியில் பலகை தெரிந்தது.

பலகைக்குக் கீழே யாரோ மூச்சு விட்டார்கள்.

"அம்மா..."

மண்வெட்டி கையிலிருந்து நழுவியது. ஆவியானாலும் என் பிள்ளையின் ஆவிதானே என்று அலமேலு மண்டியிட்டு, விரல்களைப் பலகை இடுக்கில் விட்டாள். உள்ளேயிருந்து வேறு விரல்கள் வந்து அவற்றைப் பிடித்தன.

சூடான விரல்கள்.

"அம்மா, சத்தம் போடாதீங்க. நான் சாகலம்மா..."

பூங்காவனம் பலகையை ஒரு முழம் நகர்த்தினாள். தாடியும் மீசையுமாக, கண் குழிந்து, வீங்கிய காலை நீட்டிக்கொண்டு ஜெயபாலன் கிடந்தான். அலமேலு அவன் முகத்தைத் தடவினாள். தலையை, காதை, தோளைத் தடவினாள்.

"நீங்க நெனவில்லாமக் கெடந்தப்ப வந்தாரு அத்தை. லோரியிலிருந்து குதிச்சதுல கால் போச்சு. வேற எங்க வைப்பேன்? இந்தக் குழிதான் தோணுச்சு. மூச்சு விடவும் கிழங்கு எடுத்துக்கவும் கோழிக் கூண்டுக்கடியில ஒரு சந்து விட்டேன்." பூங்காவனம் பேசப் பேசக் குரல் உடைந்தது. "மேல கிழங்கு போட்டா பசியில ஊரே வந்து தோண்டும். முருங்கை வச்சா கீரை பறிக்க வருவாங்க. யாருமே கிட்ட வராத மரம் இதுதான்... மலாய்க்காரங்க கல்லறைக்குப் போயி நானே ஒடிச்சாந்தேன். கால் ஆறினதும் ஊருக்கு வெளிய நமக்கு வேண்டிய சமது காக்கா தோட்டத்துக்கு அனுப்பிடலாம்னு..."

"எங்கிட்ட சொல்லக்கூடாதாடி? பெத்தவகிட்ட..."

பூங்காவனம் மாமியாரின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க அழுகையைப் பாத்துத்தான் அத்தை அப்பாசாமி திரும்பிப் போனாரு. நீங்க அழறதை நிறுத்தினா அன்னைக்கே உள்ள வந்திருப்பாரு. உங்களை அழ வச்சது நான்தான்... அந்தப் பாவம் எனக்கே இருக்கட்டும்."

அலமேலு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். ஒட்டிய கன்னம்; தான் உலுக்கிய தோள்; இத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத வாய். இவளையா! இவளையா தாலியறுத்தவள் என்றேன்!

"தங்கச்சி! என்ன சத்தம் அங்க?"

அப்பாசாமி. வீட்டுப் பக்கச் சந்தில் செருப்புச் சத்தம். கூடவே பூட்ஸ் சத்தமும்.

கொம்பு பிடுங்கிக் கிடக்கிறது. பலகை பல்லைக் காட்டுகிறது.

அலமேலு மகனின் தலையை உள்ளே அமுக்கினாள். பலகையை இழுத்து மூடி அதன் மேலேயே சப்பென்று உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் மண்ணை வாரிக் குவித்து, கெம்போஜாக் கொம்பை மடியோடு அணைத்து ஊன்றினாள். பிறகு தெருவே கேட்கும்படி ஓங்கி ஒப்பாரி எடுத்தாள்.

"நட்டுட்டேன்டா ராசா... பெத்தவ என் கையாலேயே உனக்கு நட்டுட்டேன்டா! அம்மா பக்கத்துல இருக்கேன்... அசையாமத் தூங்குடா எங்கண்ணு!"

சந்து முனையில் அப்பாசாமி நின்றார். பின்னால் துப்பாக்கியோடு ஒரு ஜப்பான்காரன். கல்லறை மரம், கலைந்த தலை, மண் அப்பிய முகம். ஜப்பான்காரன் ஒரு எட்டு முன்னால் வைத்தான்.

அலமேலு மருமகளின் கழுத்தைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் தள்ளினாள். முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு அறைந்தாள். சத்தம் பலமாகக் கேட்டது, அடி விழவே இல்லை.

"உன்னாலதான்டி! எம்புள்ள இன்னைக்கு இங்க கெடக்கறது உன்னாலதான்டி! உன்னை நான் விடுவேனா... சாகற வரைக்கும் விடுவேனாடி உன்னை!"

பூங்காவனம் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஜெயபாலன் வந்த நாளிலிருந்து அவள் அழுததே இல்லை. இப்போது தோள் குலுங்கக் குலுங்க, அடக்கமாட்டாமல் அழுதாள். அது நடிப்பு இல்லை என்று அலமேலுவுக்குத் தெரிந்தது. அடிக்கும் கையை நிறுத்தாமல், மறு கையால் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

அப்பாசாமி ஜப்பான்காரனிடம் தன் தலையைத் தொட்டு, கையை விரித்துக் காட்டினார். பைத்தியம் என்று அர்த்தம். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினான்.

"பாவம்மா நீ. இந்த மாமியார்கிட்ட எப்படித்தான் காலந்தள்ளுறியோ!" என்று பூங்காவனத்திடம் சொல்லிவிட்டு அப்பாசாமியும் அவன் பின்னால் போனார்.