ஒருமுறை மட்டும் எழுதும் தட்டு

காலை பத்து மணிக்கு நானும் அண்ணனும் அந்த மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். பழைய கணினித் தகவல்களை மீட்டுக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். அடித்தளத்து அறையில் இருபது வருட எக்ஸ்ரே படங்கள் சிடி போன்ற ஒளித்தட்டுகளில் கிடந்தன. அவற்றைப் புதிய சர்வருக்கு மாற்ற வேண்டும்.

"செருப்பை வெளிய விட்டுடும்மா, உள்ள தூசி ஆகாது," என்றார் பதிவறை அதிகாரி. "ஒருத்தர் இருந்தா போதும்."

அண்ணன் மேலே சர்வர் அறைக்குக் கிளம்பினான். "ஏதாவதுன்னா இன்டர்காம்ல கூப்பிடு. இங்க செல்போன் எடுக்காது. உன் போன் வீட்லயே எடுக்காது, அது வேற விஷயம்."

ஜன்னலே இல்லாத அறை. பீரோ உயரத்தில் ஓர் இயந்திரம். கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கடுக்காகத் தட்டுகள். நான் கேட்கும் தட்டை ஓர் இரும்புக் கை உருவி, டிரைவில் செருகும். முடிந்ததும் திரும்ப வைக்கும். க்ரீச், டக். க்ரீச், டக். ஏசிக் குளிரில் சூடான பிளாஸ்டிக் வாடை.

நாற்பது தட்டுகள் சமர்த்தாக நகலாகின. அடுத்ததை நான் கேட்பதற்குள் கை தானாக நகர்ந்தது. கீழ் அடுக்கிலிருந்து ஒரு காலித் தட்டை எடுத்து இரண்டாவது டிரைவில் வைத்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

எழுதுகிறது.

நான் எதையும் எழுதச் சொல்லவில்லை. இவை ஒருமுறை மட்டும் எழுதும் தட்டுகள். லேசர் சுட்டது சுட்டதுதான், அழிக்க முடியாது. விளக்கு அணைந்ததும் அந்தத் தட்டைக் கணினியில் திறந்து பார்த்தேன். ஒரே ஓர் ஒலிக்கோப்பு. ஹெட்போனை மாட்டினேன்.

ஓர் ஆண் மூச்சுக்குத் திணறும் சத்தம். அதன்மேல் ஒரு பெண் குரல்: "அண்ணா, கதவைத் திற! அண்ணா!"

என் குரல்.

நான் இன்னும் கூப்பிடவே இல்லை.

ஹெட்போனை எறிந்துவிட்டுக் கதவுக்கு ஓடினேன். பொத்தானை அழுத்தினேன். பூட்டு விடவில்லை. தோளால் இடித்தேன். "அண்ணா, கதவைத் திற! அண்ணா!"

கத்திய பிறகுதான் உறைத்தது.

இன்டர்காமை எடுத்தேன். அண்ணன் ஏற்கெனவே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

"அவ எப்பங்க கிளம்பினா?"

"இப்பதான் தம்பி," என்றது ஓர் ஆண் குரல், நிதானமாக. "பின்பக்கப் படியில போச்சு. நான் பூட்டிக்கிறேன்."

"அண்ணா, நான் உள்ளதான் இருக்கேன்! அந்த ஆள் பேச்சைக் கேக்காத!"

"சரிங்க, ரொம்ப தேங்க்ஸ்." அண்ணன் வைத்துவிட்டான்.

மற்றவர் வைக்கவில்லை. மூச்சு கேட்டது.

ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தேன். அப்போதும் கேட்டது.

ஏசி நின்றது. கதவில் முதுகை ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இரும்புக் கை மட்டும் ஓயவில்லை. க்ரீச், டக். ஒன்பது காலித் தட்டுகள் வரை எண்ணினேன். ஒவ்வொன்றிலும் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. காற்று கனத்துக்கொண்டே போனது.

"பழகிடும்மா," என்றது காதோரம்.

நான் திரும்பவில்லை.

கதவு திறந்தபோது மணி இரண்டு. அண்ணன் என்னை வாரி அணைத்தான். "வெளியெல்லாம் தேடிட்டேன். திரும்ப வந்தா உன் செருப்பு இங்கயே கிடக்கு. செருப்பு இல்லாம எங்க போயிருப்பன்னு..." சட்டென்று அதிகாரியிடம் திரும்பினான். "இன்டர்காம்ல பேசின ஆளு எங்க சார்?"

அதிகாரியின் முகம் வெளுத்தது. உள்ளே எட்டிப் பார்க்காமலே மெதுவாகச் சொன்னார். ஆறு வருடத்துக்கு முன் இந்த அறையின் ஆபரேட்டர் உள்ளே இருக்கும்போது தீயணைப்பு வாயு தானாகத் திறந்துகொண்டதாம். கதவும் பூட்டிக்கொண்டதாம். மூச்சுத் திணறியே செத்துப்போனாராம். "நாங்க எல்லாரும் அவர் வீட்டுக்குக் கிளம்பிட்டார்னே நினைச்சுட்டோம்மா."

மறுநாளே அறையின் மின் இணைப்பைத் துண்டித்தார்கள். கதவுக்குச் சீல் வைத்தார்கள்.

ஒரு வாரம் கழித்து, காலையில் நானும் அண்ணனும் எங்கள் கடையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். போன் அடித்தது. மருத்துவமனை எண். அண்ணன் கையில் வேலை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணா, இங்க வேலை இன்னும் முடியல," என்றது என் குரல். "சாப்பாட்டுக்கு எனக்காகக் காத்திருக்காத."

அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

நான் வாயைத் திறக்கவே இல்லை.