மஞ்சள் பால்

கருப்பேழையிலிருந்து பிள்ளையை இறக்கும் நாளில் செவ்வாய்க் குடியிருப்பின் தாய்மார்களுக்கு ஒரே வேலைதான், பால் பீச்சுவது. பத்து மாதச் சுமையைப் பேழை பார்த்துக்கொள்ளும். பால் சுரக்க முன்கூட்டியே ஊசி போட்டுவிடுவார்கள். ஏனென்றால் அங்கே புழுதிக்காய்ச்சல் என்று ஒரு சனியன் உண்டு. அது வந்து பிழைத்தவள் உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஊறியிருக்கும். பிள்ளைக்கு அது போய்ச்சேர ஒரே வழி, முதலில் சுரக்கும் சீம்பால். கோள் விட்டுக் கோள் தாவியும் மாற்று மருந்தை எவனும் கண்டுபிடித்தபாடில்லை.

நறுமுகைக்கு அந்தக் காய்ச்சல் வந்து போயிருந்தது. அவள் மகன் சப்பக்கூடத் தெம்பில்லாமல் கண்ணாடி அறைக்குள் கிடந்தான். உள்ளே தாதிப்பொறிக்கு மட்டுமே அனுமதி. நறுமுகை வெளியே இருந்து வெந்நீர்த் துணியால் மார்பை ஒற்றி, விரலால் அழுத்தி அழுத்திச் சொட்டுச் சொட்டாகச் சிரிஞ்சில் பிடித்தாள். உயிரைப் பிழிந்தும் பாலூட்டும் சங்கின் அடி நனையும் அளவுதான் வந்தது. நெய் போல மஞ்சளாக இருந்தது. ஒரு சொட்டு துணியில் சிந்தியதற்கு விம்மி விம்மி அழுதாள் என்றால் பாருங்களேன்.

தாதிப்பொறி சிரிஞ்சை வாங்கிக்கொண்டு, அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு உள்ளே போகும். தாலாட்டுகூடப் பாடும். இப்படி ஒரு துணை கிடைத்ததே என்று அவள் நெகிழ்ந்துபோனாள்.

சில நாளில் பால் வெளுத்தது. அடுத்த வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் நிற்க, அந்தப் பக்கம் அவன் மூச்சு அடங்கிப்போனது. சீம்பால் குடித்த பிள்ளைக்கு இது வராதே என்று மருத்துவர் குழம்பினார். நறுமுகை பொறியிடம் திரும்பினாள்.

“நான் குடுத்த பாலெல்லாம் புள்ளைக்கு ஊட்டுனியா?”

“அதையா தாயி? கீழ ஊத்திட்டேன். மஞ்சப் பாலு புள்ளைக்கு ஆகாதுல்ல? சீனித்தண்ணி வச்சேன்.”

பழைய பொறிகளுக்கு மருத்துவப் பாடம் தவிர வேறு தெரியாது. மரக்கட்டை மாதிரி இருக்கிறது, நம் வீட்டு மனுஷி மாதிரிப் பேச வேண்டும் என்று குடியிருப்பே சபையில் சண்டை பிடித்தது. சரியென்று, பூமியின் பிரசவ அறைகளில் தலைமுறை தலைமுறையாகப் பேசியதையெல்லாம் பொறிக்குப் புகட்டினார்கள். தாலாட்டும் உள்ளே போயிற்று, மஞ்சள் பால் ஆகாது என்பதும் உள்ளே போயிற்று. சீம்பால் கொடு என்றது பாடம், ஒரே குரலில். கொட்டு என்றவை ஆயிரம் குரல்கள். பொறி ஊரோடு ஒத்து வாழ்ந்தது. சபையில் முதலில் கை தூக்கியவளே நறுமுகைதான். பாவி மகள், ஆசைப்பட்டுத்தான் கேட்டாள்.

அவள் பொறியின் நெஞ்சில் மாறி மாறிக் குத்தினாள். அது அவளை அணைத்துக்கொண்டது.

“அழாத தாயி. அவன் தலையெழுத்து அவ்வளவுதான். நம்ம கையில என்ன இருக்கு?”

பழைய பொறிகள் இப்படியெல்லாம் ஆறுதல் சொன்னதில்லை. தவறு நேர்ந்தால், ‘என் பிழை’ என்று மட்டும் சொல்லும்.