தலையெண்ணி

பள்ளிக்கூடம், ரேஷன், மருத்துவமனைச் சீட்டு எல்லாமே இணைய உலாவிக்குள் போய்விட்ட காலம். அரசு ஏற்றுக்கொண்ட பேருலாவியோ மூன்று வருடத்துக்கு ஒரு புதுக் கணினியைக் கேட்டது. வாங்க முடியாதவர்கள் ‘தட்டா’னை வைத்திருந்தார்கள். காசிம் எழுதிய இலகுவான உலாவி அது. பதினைந்து வயதுக் கணினியிலும் ஓடும். எந்த அரசு இணைய வாயிலில் போய் நின்றாலும் தன்னைப் பேருலாவி என்றே சொல்லிக்கொண்டு நுழைந்துவிடும்.

அதை மக்களிடம் சேர்ப்பது தூத்துக்குடி ரெஜினாவின் வேலை. பழைய கணினிகளை ஓட்டும் லினக்ஸ் இயங்குதளத்தில் ஒன்பது வழங்கல்கள், அதாவது வகைகள், புழக்கத்தில் இருந்தன. ஒன்றுக்குக் கட்டிய மென்பொருள் பொதி இன்னொன்றில் இறங்காது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டி, ஓட்டிப் பார்த்து, தன் மின்கையெழுத்தைப் போட்டு, எல்லாரும் இறக்கிக்கொள்ளும் பொதுக் களஞ்சியத்தில் வைப்பாள். ஆறு வருடமாகச் சம்பளமில்லாமல் செய்துவந்தாள்.

சித்திரையில் களஞ்சிய வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. பயனர்கள் இருப்பதை நிரூபிக்காத மென்பொருள்கள் நீக்கப்படும் என்றது. தட்டான் இதுவரை யாரையும் எண்ணியதில்லை. காசிமுக்கு அதில்தான் பெருமை.

“சின்னதா ஒரு தலையெண்ணி வச்சிருவோம்ணே,” என்றாள் ரெஜினா. “பேரு கிடையாது, ஊரு கிடையாது. ஒரே மிஷின ரெண்டு தடவ எண்ணிரக் கூடாதுல்லா, அதுக்காக அதோட நம்பரும் வயசும் மட்டும் வாரியத்துக்குப் போவும்.”

“வேண்டாம்மா. நாம எத்தன பேருன்னு தெரியாததாலதான் அரசாங்கத்துக்காரன் நம்மள விட்டு வச்சிருக்கான்.”

“நீக்கிட்டா அத்தன சனமும் எங்க போவும்?”

காசிம் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, மூன்றே நாளில் ஒன்பது பொதிகளையும் கட்டி அனுப்பினாள்.

வாரக் கடைசியில் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. திரையைப் பார்த்தபடி ரெஜினா அழுதேவிட்டாள். இருந்தால் ஐயாயிரம் பேர் இருப்பார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அடுத்த மாதம் வாரியம் அறிவித்தது: பத்து வயது தாண்டிய கணினிகள் பாதுகாப்பற்றவை. பட்டியலில் உள்ள ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் கணினிகளுக்கும் எல்லா வாயில்களும் மூடப்படுகின்றன. பட்டியல் தயாரிக்க உதவிய தட்டான் குழுவுக்கு நன்றி.

காசிமை அழைத்தாள். அவர் எடுக்கவில்லை. தலையெண்ணியைப் பிடுங்கிவிட்டுப் பொதிகளை மறுபடி கட்டத் தொடங்கினாள். நான்காவதில் இருக்கும்போது, பொதியில் போட்டிருந்த தொடர்பு எண்ணைப் பார்த்து எட்டயபுரத்திலிருந்து முப்பிடாதி என்றொரு பெண் பேசினாள். மகளுக்கு மறுநாள் பரீட்சை. வாயில் திறக்கவில்லை.

“புதுசு வந்திருக்குன்னதும் ஏத்தவா வேண்டாமான்னு யோசிச்சேம்மா. ஒங்க கையெழுத்து இருக்கப் பாத்துதான் ஏத்துனேன்.”

“வீட்டு அட்ரஸ் சொல்லுங்கக்கா. சரி பண்ணி பென்டிரைவ்ல போட்டு நானே கொண்டு வாரேன்.”

“வந்து என்னம்மா செய்வீங்க? எங்க மிஷின் நம்பரு அவுங்ககிட்ட போயிட்டே.”