ஃபெராராவில் காணாமல் போன அஸ்தி

காலை 7.24. விடுதியின் மாடியிலிருந்து யோலாண்டா போட்ட கூச்சலில், கீழே சிற்றுண்டிக் கூடத்தில் பதினெட்டுப் பேரின் வாயும் மெல்லுவதை நிறுத்தியது.

"கலசத்தைக் காணோம்! ஒரேஸ்தேயைக் காணோம்!"

நீவெஸ் இரண்டிரண்டு படிகளாகத் தாவி ஏறினாள். நோவாராவிலிருந்து ஓய்வுபெற்றவர்களைப் பேருந்தில் பழைய நகரங்களுக்கு அழைத்துப் போகும் வழிகாட்டி அவள். நேற்று மாந்தோவா, இரவு ஃபெராரா, இன்று ரவென்னா. எட்டரைக்குக் கிளம்பியாக வேண்டும். பதினோரு மணிக்கு ரவென்னாத் துறையில் ஒரு படகு காத்திருக்கும். எர்சிலியா தன் கணவர் ஒரேஸ்தேயின் அஸ்தியைக் கடலில் கரைக்க வாங்கியிருந்த அனுமதி, இந்த ஒரு நாளுக்கு மட்டுந்தான்.

எர்சிலியாவும் யோலாண்டாவும் தங்கிய பன்னிரண்டாம் எண் அறையில் ஜன்னல் உள்ளே தாழிட்டபடி இருந்தது. மேசைமேல் செப்புக் கலசம் இருந்த இடத்தில் ஒரு கைக்குட்டை மட்டும் கிடந்தது.

"கதவு?"

"பூட்டித்தான் இருந்துச்சு" என்றாள் யோலாண்டா. "மாத்திரை எடுக்க வந்தேன். சாவி கீழ பலகையிலதான் தொங்கிச்சு."

எர்சிலியா அழவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கோட்டுப் பொத்தானைப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். "ஆறு அம்பதுக்கு சாவியை மாட்டிட்டு இறங்கினேன். இன்னிக்கு விட்டா அப்புறம் நடக்காது, நீவெஸ்."

7.40. வரவேற்பு மேசை. துல்லியா என்ற பெண்தான் சாவியும் கொடுப்பாள், காப்பியும் போடுவாள்.

"நீ இங்கயே இருந்தியா?"

"எப்படி இருக்கிறது? பதினெட்டுப் பேருக்குக் காப்பி. ஏழு மணியிலேர்ந்து சமையலறையிலதான்."

ஆக, யார் வேண்டுமானாலும் சாவியை எடுத்துத் திரும்ப மாட்டியிருக்கலாம். அறைகளைத் திறந்து காட்டச் சொன்னாள் நீவெஸ். முணுமுணுப்போடு எல்லோரும் காட்டினார்கள். கலசம் எங்கும் இல்லை. கட்டடத்தைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்கள் படிக்கட்டு வரை கொதித்தன. நீவெஸுக்கு வியர்த்தது, ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

7.55. ஒரேஸ்தேயின் தம்பி ஃபவுஸ்தோ கூடத்தின் மூலையில் உட்கார்ந்திருந்தார். அண்ணனை நோவாராக் கல்லறையில், அப்பா அம்மா பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்று மூன்று மாதமாக அண்ணியோடு மல்லுக்கு நின்றவர்.

"என்னைத்தானே சந்தேகப்படுறீங்க? ரூமை விட்டு நேரா இங்கதான் வந்தேன். வெளிய காலே வைக்கல. இந்தக் குளிர்ல போனா என் நெஞ்சு தாங்காது."

"அவரா?" யோலாண்டா குறுக்கே வந்தாள். "அவருக்கு ஏதும்மா சாமர்த்தியம்? ஏழு பத்துக்கு அந்த வாசல்ல வந்து நின்னார். மூக்குக்கண்ணாடி பூரா வெள்ளையாப் படிஞ்சு, குருடன் மாதிரி தடவிக்கிட்டே வந்து என் ஜாம் கிண்ணத்துலயே கைய விட்டார்!"

சிலர் சிரித்தார்கள். நீவெஸும் பாதி சிரித்தபடியே பின்வாசலுக்குப் போனாள்.

வெளியே பனிமூட்டத்தில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ஓட்டுநர் லெயார்கோ பேருந்தின் முன்கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"யாராவது வந்தாங்களா?"

"யானை வந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது. ஆறரையிலேர்ந்து முன்னாடியே நிக்கிறேன்."

"பெட்டி வைக்கிற இடம்?"

"திறந்துதான் கிடக்கு. உள்ள ஒரே பெட்டிதான் இருக்கு. ஃபவுஸ்தோ சார் நேத்து சாயந்தரமே ஏத்திட்டார்."

நீவெஸ் சட்டென்று திரும்பி நடந்தாள்.

8.10. "ஃபவுஸ்தோ, ஒரு நிமிஷம் உங்க ரூமுக்கு வாங்க."

"எதுக்கு?"

"வாங்களேன்."

அறைக்குப் போனார்கள். அப்படியே இறங்கிக் கூடத்து வாசலுக்கு வந்தார்கள். அவர் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப வெளிய ஒரு நடை."

"நெஞ்சு..."

"அஞ்சு நிமிஷம். துண்டைச் சுத்திக்குங்க."

திரும்பி உள்ளே கால் வைத்ததுமே இரு வில்லைகளும் பால் ஊற்றியதுபோல வெளுத்தன. ஃபவுஸ்தோ கழற்றவில்லை. அப்படியே நின்றார்.

"மேல மாடியும் சூடு, படியும் சூடு, கூடமும் சூடு" என்றாள் நீவெஸ். "அறையிலேர்ந்து இறங்கி வந்தா கண்ணாடியில ஆவி படியாது. குளிர்லேர்ந்து வந்தாத்தான் படியும். ஏழு பத்துக்கு நீங்க வெளியிலேர்ந்து வந்தீங்க. துல்லியா சமையலறைக்குப் போனதும் சாவியை எடுத்துத் திறந்தீங்க, பூட்டினீங்க, மாட்டினீங்க. ஒரேஸ்தே இப்ப உங்க பெட்டியில இருக்கார். யோலாண்டா உங்களைக் கிண்டல் பண்றதா நினைச்சு உங்களைக் காட்டிக்குடுத்துட்டாங்க. நானும் கேட்டுச் சிரிச்சுட்டுப் போனேன்."

யோலாண்டா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஃபவுஸ்தோ நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். "பத்தொன்பது வருஷம் நாங்க பேசல. அம்மா சாவுக்கு அவன் லேட்டா வந்தான், நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அவன் செத்தப்புறம் கல்லறைக்காவது போய் ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்னு இருந்தேன். கடல்ல போட்டா நான் எங்க போய்ப் பேசுறது?"

எர்சிலியா எழுந்து வந்து, அவர் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, தன் சால்வை முனையால் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டாள்.

"பெட்டிச் சாவியைக் குடு" என்றாள். "திருட்டுப் பயலே."

பேருந்து பதினேழு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. நீவெஸ் வழி முழுக்கக் கைப்பேசியில் படகுக்காரரைக் கெஞ்சினாள்.

11.20. துறையில் எர்சிலியா முதலில் ஏறினாள். ஃபவுஸ்தோ கரையிலேயே நின்றார்.

"என்ன வேடிக்கை? ஏறு."

கடலுக்குள் போனதும் அவள் கலசத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். சாம்பல் நீரில் இறங்கியது. ஃபவுஸ்தோ விளிம்பில் குனிந்தார். "அண்ணே, நீ அன்னிக்கு ரயிலைத் தவறவிட்டேன்னு சொன்னப்பவே நான் நம்பியிருக்கணும்..." என்று தொடங்கினார். அவர் நிறுத்தவே இல்லை. பாதி அலைச் சத்தத்தில் போயிற்று.

படகுக்காரர் கடிகாரத்தைப் பார்த்து, எஞ்சின் விசையில் கை வைத்தார். "அம்மா, திருப்பட்டுமா?"

"இருங்க" என்றாள் எர்சிலியா. "அவன் முடிக்கட்டும்."