வாசலில் ஒரு சிவப்புத் துணி

"ஐயோ...! கொலை! கொலை!"

ரோமானியர்கள் குளித்துவிட்டுப் போன இடிந்த குளியல் மண்டபத்திலிருந்து அந்த அலறல் கிளம்பியபோது, துனீசியாவின் அந்தக் கடலோர ஊர் கூஸ்கூஸ் தின்றுவிட்டு அரைத் தூக்கத்தில் இருந்தது.

இன்ஸ்பெக்டர் ரஃபீக்கா ஜீப்பிலிருந்து குதித்தாள்.

வெந்நீர் அறை வாசலில் ஒரு சிவப்புத் துணி தொங்கியது. அதற்கு முன்னால் ஏட்டு மோன்ஜி நின்றிருந்தார்.

"உள்ள பிணம் கிடக்கு. நீங்க வெளிய காத்து வாங்குறீங்களா?"

"துணி தொங்குதே மேடம்!"

"அதுக்கு?"

"குளிக்கிற எடத்துல துணி தொங்கினா உள்ள பொம்பளைங்க இருக்காங்கன்னு அர்த்தம். எங்கம்மா அடிச்சு வளர்த்த வளர்ப்பு. மூளை போன்னு சொல்லுது... கால் கேக்க மாட்டேங்குது!"

"உங்க மூளை சொல்லி எது கேட்டிருக்கு?"

துணியைப் பிடுங்கி அவர் தோளில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அகழாய்வுத் தலைவர் பஷீர் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் காவலாளி ஹெதியின் கைத்தடி... அதன் முனையிலும் ரத்தம்!

காலையில்தான் பஷீர் அவளுக்குப் போன் செய்திருந்தார். 'இங்கேருந்து ரோமானியர் காலத்து மொசைக் சில்லுங்க திருட்டுப் போகுது. ஆள் யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன். நேர்ல வாங்க, சொல்றேன்.'

வந்துவிட்டாள். சொல்லத்தான் ஆளில்லை.

வெளியே விலங்கு மாட்டிய கைகளோடு ஹெதி கதறினார்.

"நான் இல்லம்மா! அல்லா மேல ஆணை! நாளைக்கு என் பொண்ணுக்குக் கல்யாணம். அப்பன் கொலைகாரன்னா அந்த மாப்பிள்ளை வருவானா?"

"உங்க தடி எப்படி உள்ள வந்துச்சு?"

"டிக்கெட் ரூம்ல சாத்தி வச்சிருந்தேன். மதியம் பாத்தா வாசல்ல துணி! கல்யாணப் பொண்ணு இங்க வந்து மெழுகுவத்தி ஏத்துறது எங்க ஊர் வழக்கம். எங்க வீட்டுப் பொம்பளைங்கதான் சீக்கிரம் வந்துட்டாங்கன்னு நெனச்சு, அந்தாண்ட போய் கடலைப் பாத்து உக்காந்துட்டேன்."

"வந்தாங்களா?"

"இல்லம்மா... அவங்க வர்றது சாயங்காலம்தானாம்!"

"நடிக்கிறான் கிழவன்!" என்றான் நிஸார். பஷீரின் உதவியாளன். பிணத்தை முதலில் பார்த்து அலறியவன். அந்தப் புழுதியிலும் அவன் சட்டை கசங்கவில்லை. அதுவே ரஃபீக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"நீங்க எப்படிப் பாத்தீங்க?"

"சாரைச் சாப்பிடக் கூப்பிட வந்தேன். துணியை விலக்கிட்டு நேரா உள்ள போனேன். பாத்தா..."

"எந்த ஊரு நீங்க?"

"பொறந்து வளர்ந்தது எல்லாமே இங்கதான்."

"துணி தொங்குது. குரல்கூடக் கொடுக்காம நேரா உள்ள போயிட்டீங்க?"

நிஸார் சிரித்தான். "படிச்சவன் மேடம் நான். இந்தக் கண்மூடி வழக்கமெல்லாம் ஏட்டையா மாதிரி ஆளுங்களுக்கு."

மோன்ஜி முறைத்தார். ரஃபீக்கா தலையாட்டினாள். ஆனால் அவள் மனதில் சந்தேகம் முள்ளாய்க் குத்தியது.

மாலை.

பஷீரின் உடல் போய்விட்டது. பின்பக்கம் இரண்டு வேன்கள் வந்து நின்றன. ரஃபீக்கா அங்கே போய் ஏதோ பேசிவிட்டுத் திரும்பினாள். வரும் வழியில் தண்ணீர்த் தொட்டி அறை வாசலில் அதே சிவப்புத் துணியைக் கட்டினாள்.

"நிஸார்! அந்த ரூம்ல என் தொப்பியை விட்டுட்டேன். எடுத்துட்டு வர்றீங்களா?"

"ஓ... தாராளமா!"

விறுவிறுவென்று நடந்தான்.

துணிக்கு முன்னால் அவன் கால்கள் தானாக நின்றன!

தொண்டையைக் கனைத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உள்ள... யாராவது இருக்கீங்களா? வரலாமா?"

"அடடா!" ரஃபீக்கா கை தட்டினாள். "படிச்சவர் ஏன் நின்னுட்டீங்க?"

"அது... பழக்கம்..."

"இப்ப வந்த பழக்கம் மதியம் எங்க போச்சு? உள்ள பொம்பளைங்க இல்லேன்னு துணியை மாட்டினவனுக்கு மட்டும்தானே தெரியும்! மொசைக் சில்லு திருடினது நீதான்னு பஷீர் கண்டுபிடிச்சிட்டாரு. யாரும் உள்ள வந்துடக் கூடாதுன்னு துணியை மாட்டின... தடியைத் திருடின... பஷீரை அடிச்ச!"



ஹெதியின் விலங்கைக் கழற்றி மோன்ஜியிடம் வீசினாள் அவள். "பிடிங்க அவனை!"

நிஸார் பாய்ந்தான். அந்த அறையைத் தாண்டினால் கடற்கரை. துணியைக் கிழித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான்.

அடுத்த நொடி...

"யார்றா அவன்? பொண்ணு இருக்கிற எடத்துல!"

ஹெதி மனைவியின் குரல்! கூடவே பின்பக்கம் வேன்களில் வந்திறங்கிய கல்யாண வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும்! தடால்... தடால் என்று மரச்செருப்புகள் பேசின.

"ஐயோ... அம்மா! நான்தான் கொன்னேன்! ஒத்துக்கறேன்! மோன்ஜி அண்ணே... சீக்கிரம் உள்ள வந்து கைது பண்ணுங்க!"

வாசலில் பாதி கிழிந்து ஆடிக்கொண்டிருந்ததை மோன்ஜி நிதானமாகப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

"எப்படி தம்பி வர்றது? துணி தொங்குதே!"