ஒரே ஒரு டச்

பள்ளி ஓவிய அறையில் தாளாளரின் படம் இன்னும் காயாமல் ஸ்டாண்டில் நின்றது. நேரில் முறைப்பதைப் போலவே படத்திலும் முறைத்துக்கொண்டிருந்தார். "கம்பீரமா இருக்கணும்" என்று அவர் கட்டளை போட்டதால், உதட்டின் இரண்டு ஓரத்தையும் கீழே இழுத்து வரைந்திருந்தாள் அம்மா.

படம் அவருக்குப் பிடித்துவிட்டால் அம்மாவுக்கு இந்தப் பள்ளியில் ஓவிய ஆசிரியை வேலை. பிடிக்காவிட்டால் இல்லை. இதை நினைத்து நினைத்தே பெரிய மகளுக்கு வயிற்றைக் கலக்கியது. வீட்டில் அவளுக்கு 'டென்ஷன்' என்று பெயர்; தங்கைக்கு 'சுண்டெலி'. சும்மா வைக்கவில்லை.

"சுண்டெலி பிறந்ததுலேருந்து பிரஷ்ஷையே தொடல. கையில டச் விட்டுப்போச்சு" என்று காலையிலிருந்து முணுமுணுத்த அம்மா, இப்போதுதான் கொஞ்சம் தெளிந்திருந்தாள்.

"இன்னும் ஒரே ஒரு டச்தான் பாக்கி. ஃபைனல் டச்! பிரஷ்ஷைக் கழுவிட்டு வந்துடறேன். டென்ஷன், தங்கச்சியைப் பாத்துக்கோ."

டென்ஷன் தங்கச்சியைப் பார்க்கவில்லை. தாளாளர் வந்துவிடுவாரோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! ஃபைனல் டச் குடுத்துட்டேன்!"

டென்ஷன் திரும்பினாள். நான்கு வயது சுண்டெலி நாற்காலி மேல் நின்றாள். அவள் விரலில் சிவப்பு. படத்தில் தாளாளரின் உதட்டோரம் மேலே ஏறிக் கன்னம் வரை போயிருந்தது.

தாளாளர் சிரித்துக்கொண்டிருந்தார்!

"அடிப்பாவி! என்னடி பண்ணினே?"

"அம்மாதானே ஒரு டச் பாக்கின்னு சொன்னாங்க?" சுண்டெலியின் உதடு பிதுங்கியது.

துடைக்கலாமா? துடைத்தால் மூக்கும் சேர்ந்து வந்துவிடுமே! மூடி வைக்கலாமா? ஈரத்தில் துணி ஒட்டிக்கொள்ளுமே! வாசலில் ஷூ சத்தம்.

"பெற்றோர்களோட நான் எப்பவும் டச்ல இருக்கறவன்" என்று போனில் முழங்கியபடி வந்தார் தாளாளர். அவர் அறைக் கதவு திறந்து எந்தப் பெற்றோரும் பார்த்ததில்லை. படத்தைக் கண்டதும் போன் காதிலிருந்து இறங்கியது.

"யார் இதை டச் பண்ணது?"

சுண்டெலி அக்காவின் முதுகுக்குப் பின்னால் போனாள். டென்ஷன்தான் பதில் சொன்னாள்.

"நான்தான் சார் பாத்துக்கணும். பாக்கல. அம்மா வரைஞ்சப்ப நீங்க நல்லா முறைச்சுக்கிட்டுதான் இருந்தீங்க. அம்மா மேல தப்பே இல்ல."

"நான் என்ன, இப்படியா இருக்கேன்?"

டென்ஷன் படத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "தெரியல சார். நீங்க சிரிச்சு நான் பாத்ததே இல்ல. ஒரு தடவை சிரிங்களேன், ஒத்துப்போகுதான்னு பாத்துடலாம்."

தாளாளர் கனைத்தார். வேறு யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டார். உதட்டை இழுத்தார். பல்வலி வந்தவர் மாதிரி இருந்தது. மறுபடியும் முயன்றார். அது இன்னும் மோசம்.

"வர மாட்டேங்குது" என்றார் சின்னக் குரலில். "டச் விட்டுப்போச்சும்மா."

டென்ஷனின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு சிவப்பு விரல் நீண்டது.

"நான் ஒரு டச் குடுக்கட்டுமா?"

கழுவிய பிரஷ்ஷோடு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே தாளாளர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த உதட்டை மட்டும் மாத்திடாதீங்க, டீச்சர்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

டீச்சர்! டென்ஷனின் வயிறு ஒருவழியாகக் கலக்குவதை நிறுத்தியது. உடனே பசிக்கத் தொடங்கியது.